இது என்ன கல்? கனிமங்களைக் கையாலும் கண்ணாலும் அடையாளம் காண்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிணறு வெட்டும்போது கிடைத்தது, உழும்போது கலப்பையில் இடறியது, பள்ளிச் சுற்றுலாவில் பையில் போட்டுக்கொண்டது என்று ஏதாவது ஒரு கல்லைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து "இது என்ன கல்?" என்று கேட்பவர்கள் பலர். நிலவியல் கற்பித்த ஆண்டுகளில் அதைவிட எனக்குப் பிடித்த கேள்வி வேறு இருந்ததில்லை. அவர்களிடம் நேரில் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் சேலம், நாமக்கல், கரூர், காங்கேயம் பகுதிக் கற்களிலிருந்து வருகின்றன. நான் அதிகம் கையில் எடுத்துப் பார்த்தவை அவைதான். கற்றுக்கொள்ள வருகிறவருக்கு அந்த நிலத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

கல், பாறை, கனிமம்: மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. கனிமம் இயற்கையில் உருவான திடப்பொருள். அதற்கென்று ஒரு வேதிச் சேர்க்கை உண்டு. அணுக்கள் அடுக்கப்பட்ட ஓர் ஒழுங்கும் உண்டு. பாறை என்பது கனிமங்களின் கூட்டு. புதிதாக உடைத்த கிரானைட் துண்டு ஒன்றை வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோல் தெரிவது குவார்ட்ஸ். தட்டையான முகம் காட்டிச் சட்டென்று மின்னி அணைவது ஃபெல்ட்ஸ்பார். கருப்பு ஏடுகளாக ஒட்டிக்கொண்டிருப்பது மைக்கா. இனி வரும் சோதனைகள் எல்லாம் கனிமத்துக்கு உரியவை. பாறையின் மேல் கத்தியால் கீறிவிட்டு "கடினம் இவ்வளவு" என்று எழுதுவதில் பொருளில்லை. பாறையில் உள்ள எந்தக் கனிம மணியின் மேல் கீறினீர்கள் என்பதுதான் முக்கியம்.

அணுக்களின் ஒழுங்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டே சாட்சி. கிராஃபைட்டும் வைரமும் கார்பன்தான். ஒன்றில் அணுக்கள் ஏடு ஏடாக அடுக்கப்பட்டிருக்கின்றன, விரலில் தேய்த்தாலே ஒட்டும். மற்றொன்றில் எல்லாத் திசையிலும் பிணைந்திருக்கின்றன, அதைவிடக் கடினமான இயற்கைக் கனிமம் பூமியில் இல்லை என்பது பாடம். உலகில் இதுவரை ஏற்கப்பட்ட கனிம வகைகள் 6,000க்கு மேல். பயப்பட வேண்டாம். நம் காலடியில் கிடப்பவற்றில் பெரும்பகுதியை முப்பது கனிமங்களை அறிந்தவர் சொல்லிவிடலாம்.

நிறத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியாதா?

சிலவற்றில் முடியும். கந்தகம் மஞ்சள்தான், மாலகைட் பச்சைதான். அந்த நிறம் அவற்றின் சேர்க்கையிலேயே இருக்கிறது. ஆனால் பெரும்பாலான கனிமங்களுக்கு நிறம் என்பது இரவல் சட்டை. குருந்தம் என்ற கனிமம் தூயதாக இருந்தால் அதற்கு நிறமே கிடையாது. அதில் சிறிதளவு குரோமியம் புகுந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் புகுந்தால் நீலக்கல். குவார்ட்ஸும் அப்படித்தான்: நிறமற்ற படிகம், ஊதாச் செவ்வந்திக்கல், இளஞ்சிவப்பு, புகை நிறம், பால் வெள்ளை எல்லாம் ஒரே சிலிக்கா.

சென்னைப் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள சார்னோகைட் பாறையைப் பாருங்கள். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் அது. அதை ஆராய்ந்த நிலவியலாளர் ஹாலந்து, சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். அதில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் எண்ணெய் தடவியதுபோல் கரும்பச்சையாகவும் நீலச் சாயலாகவும் இருக்கும். வேறிடத்தில் வெள்ளையாகவும் வெளிர் சிவப்பாகவும் பார்த்துப் பழகிய மாணவர்கள் இங்கே தடுமாறிப்போவார்கள். அதனால்தான் எல்லாரிடமும் ஒன்றையே சொல்கிறேன்: நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசியாகக் கேளுங்கள். கல் எப்படித் தெரிகிறது என்பதைவிட, கீறினால் என்ன செய்கிறது, உடைந்தால் எப்படி உடைகிறது, உரைத்தால் எதை விட்டுச்செல்கிறது என்பவையே அதைக் காட்டிக்கொடுக்கும்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

ஒரு செம்புக் கம்பி, ஓர் எஃகுக் கத்தி, ஒரு கண்ணாடித் துண்டு, பளபளப்புப் பூசாத வெள்ளைப் பீங்கான் ஓடு, காந்தம், பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ், எலுமிச்சம்பழம், கிராம் காட்டும் சமையலறைத் தராசு. விரல் நகம் உங்களிடமே இருக்கிறது. பழைய புத்தகங்களில் "செப்புக்காசால் கீறிப் பாருங்கள்" என்று இருக்கும். இன்றைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் எஃகால் ஆனவை; அவற்றால் கீறினால் முடிவு தவறிப்போகும். மின்கம்பியை உரித்து எடுத்த செம்பே சரியானது.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மிளிர்வை. அதாவது ஒளி கல்லின் மேல் பட்டுத் திரும்பும் விதத்தை. உலோகம்போல் மிளிர்கிறதா, இல்லையா என்ற ஒரே கேள்வி கனிமங்களை இரண்டு பெரிய குடும்பங்களாகப் பிரித்துவிடும். ஈயக் கனிமமான கலீனா, இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட், கிராஃபைட் ஒரு பக்கம். குவார்ட்ஸ், கால்சைட், ஜிப்சம் மறுபக்கம். உலோகமல்லாதவற்றில் கண்ணாடி மிளிர்வு, முத்து மிளிர்வு, பட்டு மிளிர்வு, மெழுகு மிளிர்வு, மண் போன்ற மங்கல் என்று பல உண்டு. கல்லைக் கழுவி, புதிதாக உடைந்த முகத்தில் பார்க்க வேண்டும். மழையும் வெயிலும் பட்ட தோலில் பார்த்தால் எல்லாக் கல்லும் மண்தான்.

உரைத்தடம் என்கிறார்களே, அது என்ன?

பொற்கொல்லர் தங்கத்தைக் கட்டளைக்கல்லில் உரைத்து மாற்றுப் பார்ப்பதை நாம் எல்லாரும் அறிவோம். கனிமத்திலும் அதையேதான் செய்கிறோம், கருங்கல்லுக்குப் பதில் வெள்ளைப் பீங்கான் ஓட்டின் மேல். கல்லை அழுத்தி ஒரு கோடு இழுத்தால் தூள் விழும். அந்தத் தூளின் நிறமே உரைத்தடம். குளியலறைச் சுவரில் பதிக்கும் டைல்ஸின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் அதுவே போதும்.

இதன் அருமை இரும்புக் கனிமங்களில் தெரியும். ஹேமடைட் சில சமயம் கருப்பாக இருக்கும், சில சமயம் எஃகுபோல் மின்னும், சில சமயம் செம்மண் கட்டிபோல் இருக்கும். மூன்றையும் ஓட்டில் இழுத்தால் ஒரே காவி நிறம்தான். கோலத்தைச் சுற்றிக் கரைகட்டும் காவிக்கு அந்தச் சிவப்பைத் தருவது இதே ஹேமடைட்தான். பாட்டி இழுத்த காவிக்கோடு ஒரு பெரிய உரைத்தடம். மேக்னடைட் கருப்புக் கோடு விடும். கோதைட் மஞ்சள் கலந்த பழுப்பு. வெளியே பார்க்க மூன்றும் "கருப்பாகக் கனமாக ஒரு கல்" என்றுதான் இருக்கும்.

ஒரு வரம்பு உண்டு. அடுத்த பதிலில் வரும் மோஸ் அளவுகோலின்படி பீங்கான் ஓட்டின் கடினம் ஏறத்தாழ ஆறரை முதல் ஏழு. அதைவிடக் கடினமான கல் தூள் விடாது, ஓட்டைத்தான் கீறும். அப்போது ஓட்டில் தெரியும் வெள்ளைக் கோட்டைக் கல்லின் உரைத்தடம் என்று எழுதிவிடாதீர்கள். வெளிர் நிறக் கனிமங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தூளே விடுவதால், இந்தச் சோதனை அடர்நிறக் கற்களுக்கும் உலோக மிளிர்வு உள்ளவற்றுக்கும்தான் அதிகம் உதவும்.

மோஸ் அளவுகோல் என்பது என்ன? வீட்டில் எப்படிச் சோதிப்பது?

ஃபிரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் 1812ஆம் ஆண்டில் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார். ஒவ்வொன்றும் தனக்குக் கீழே உள்ளதைக் கீறும். டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, ஃபுளூரைட் 4, அபடைட் 5, ஆர்த்தோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, புஷ்பராகம் 8, குருந்தம் 9, வைரம் 10. இவை வரிசை எண்கள் மட்டுமே, சம இடைவெளியில் வைத்த படிகள் அல்ல. ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையிலான தூரம், ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் இடையிலான தூரத்தையே விஞ்சும்.

வீட்டில் நமக்குக் கிடைக்கும் படிகள்: நகம் சுமார் இரண்டரை, செம்பு மூன்று, கத்தியும் கண்ணாடியும் ஐந்தரை. கல்சட்டி செய்யும் மாக்கல்லில் நகம் பதியும்; அதில் நிறைந்திருப்பது டால்க், தொட்டால் சோப்புபோல் வழுக்கும். கரிசல் காட்டில் கிடக்கும் வெங்கச்சங்கல் கண்ணாடியைச் சிரமமில்லாமல் கீறும், அது குவார்ட்ஸ்.

தவறுகள் பெரும்பாலும் கண்ணில்தான் நடக்கின்றன. கத்தியைவிடக் கல் கடினமாக இருந்தால், கத்தியின் இரும்புதான் தேய்ந்து கல்லின் மேல் சாம்பல் கோடாக ஒட்டும். பார்ப்பவர் கல் கீறப்பட்டுவிட்டது என்று நினைப்பார். விரலை ஈரப்படுத்தித் துடைத்துவிட்டு, லென்ஸ் வைத்து, நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் இருந்தால்தான் கீறல். அதோடு இரண்டு பக்கமும் சோதியுங்கள்: கல்லால் கண்ணாடியை, பிறகு கத்தியால் கல்லை. கண்ணாடியை மேசையில் படுக்கவைத்துக் கீறுங்கள், கையில் பிடித்துக்கொண்டு அல்ல. கயனைட் என்ற நீலக் கனிமம் ஒன்று இருக்கிறது. நீளவாக்கில் கத்தி அதைக் கீறும், குறுக்கே கீறாது. கடினம்கூடத் திசையைப் பொறுத்தது என்று அது காட்டும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நிறைகிறது.

கடினமான கல் உடையாது, அப்படித்தானே?

இந்த எண்ணத்தால் நல்ல கற்கள் எத்தனையோ வீணாகியிருக்கின்றன. கடினம் என்பது கீறலை எதிர்க்கும் குணம். அடியைத் தாங்கும் குணம் வேறு. வைரம் எல்லாவற்றையும் கீறும். ஆனால் அதற்கு நான்கு திசைகளில் தெளிவான பிளவு உண்டு, சுத்தியலால் அடித்தால் உடைந்துபோகும். "அசல் வைரமா என்று அடித்துப் பார்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பிளவு, முறிவு: இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

கல்லுப்பு ஒன்றை எடுத்து மெதுவாகத் தட்டுங்கள். உடைந்த துண்டுகளை லென்ஸில் பாருங்கள்: சிறியதும் பெரியதுமாகச் சதுரப் பெட்டிகள். அவற்றை மறுபடி உடைத்தாலும் பெட்டிகளே. உப்பின் அணுக்கள் மூன்று செங்குத்துத் திசைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. பிணைப்பு தளர்ந்த தளங்களில்தான் அது பிரியும். இதுதான் பிளவு. அடுத்து, உடைந்த கண்ணாடிப் புட்டியின் அடிப்பாகத்தைப் பாருங்கள். சிப்பியின் உட்புறம்போல் வளைவு வளைவாகக் கோடுகள் தெரியும். அங்கே தளம் ஏதும் இல்லை, இது முறிவு. குவார்ட்ஸ் இந்தச் சிப்பி முறிவைத்தான் காட்டும்.

மைக்காவுக்கு ஒரே திசைப் பிளவு. ஏடு ஏடாகக் கையாலேயே உரிக்கலாம். வளைத்து விட்டால் நிமிர்ந்துகொள்ளும். நம்மூரில் காக்காய்ப்பொன் என்று பெயர் பெற்றது அதுதான். ஃபெல்ட்ஸ்பாருக்கு இரண்டு திசை, ஏறத்தாழச் செங்குத்து. கால்சைட்டுக்கு மூன்று திசை, ஆனால் செங்குத்தல்ல. அதனால் அது சாய்ந்த பெட்டிகளாக உடையும். தெளிவான கால்சைட் துண்டு கிடைத்தால் செய்தித்தாளின் மேல் வைத்துப் பாருங்கள், ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தெரியும். கல்லைச் சுழற்றினால் ஒரு பிம்பம் மற்றொன்றைச் சுற்றிவரும்.

ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். படிகம் வளரும்போது உண்டான முகம் வேறு, உடைந்த தளம் வேறு. ஆறு பட்டையாக நிற்கும் குவார்ட்ஸ் படிகத்தைப் பார்த்து அதற்கு ஆறு திசைப் பிளவு என்று எழுதியவர்கள் உண்டு. உடைத்துப் பார்த்தால் ஒரு தட்டையான தளம்கூட வராது. பிளவுத் தளம் என்றால் கல்லைத் திருப்பும்போது அதற்கு இணையான படிகள் எல்லாம் ஒரே கணத்தில் சேர்ந்து மின்ன வேண்டும்.

வெள்ளைக் கற்கள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன. எப்படிப் பிரிப்பது?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். நல்ல பயிற்சியும் இதுதான். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கால்சைட், மேக்னசைட், ஜிப்சம் ஐந்தையும் மேசைமேல் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம்.

முதலில் நகம். நகம் பதிந்தால் ஜிப்சம். பெரம்பலூர் மாவட்டம் காரை, குளக்காநத்தம் பக்கம் களிமண் வெளியில் நடந்தால் ஜிப்சம் பட்டு இழைகளாகவும் கண்ணாடித் தகடுகளாகவும் கிடப்பதைக் காணலாம். அந்தத் தகட்டை மைக்கா என்று நினைப்பவர்கள் உண்டு. வளைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், ஜிப்சம் நிமிராது.

நகம் பதியாவிட்டால் கத்தி. கத்தி கீறினால் கால்சைட் அல்லது மேக்னசைட். இங்கே எலுமிச்சம்பழத்தை எடுங்கள். கல்லில் கொஞ்சம் தூள் சுரண்டி அதன்மேல் சாற்றை விட்டு, லென்ஸில் பாருங்கள். சிறு குமிழிகள் பொங்கி வந்தால் கால்சைட். வருவது கார்பன் டை ஆக்சைடு. மேக்னசைட் குளிர்ந்த அமிலத்தில் இப்படிப் பொங்காது. சேலத்துக்கு வடக்கே கரும்பச்சைப் பாறைகளுக்குள் வெள்ளை நரம்புகளாக ஓடுவது மேக்னசைட். உலைகளுக்கான வெப்பம் தாங்கும் செங்கற்கள் செய்ய வெட்டியெடுத்தார்கள். உடைந்த முகம் பளபளப்பில்லாத பீங்கான்போல் இருக்கும், வளைந்து முறியும். வெறும் கண்ணால் அதை வெங்கச்சங்கல் என்று நினைத்துவிட வாய்ப்பு அதிகம். கத்தியைத்தான் நம்ப வேண்டும்.

கத்தியும் கீறவில்லை, கல்தான் கண்ணாடியைக் கீறுகிறது என்றால் மீதம் இருப்பவை ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும். வெயிலில் திருப்புங்கள். தட்டையான தளங்கள் படிபோல் மின்னினால் ஃபெல்ட்ஸ்பார். எங்கும் தளமே இல்லாமல் எண்ணெய்க் கண்ணாடிபோல் இருந்தால் குவார்ட்ஸ். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை முழுக்கவே ஏறத்தாழ ஃபெல்ட்ஸ்பார்தான். சந்திரயான்-2 இறங்குகலத்தைச் சோதிக்க நிலவின் மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, இஸ்ரோ அந்தப் பகுதிப் பாறையை அரைத்துத்தான் பயன்படுத்தியது. நிலவின் மேட்டு நிலங்களும் அதே வகைப் பாறை.

"இந்தக் கல் கனமாக இருக்கிறது" என்பதை எப்படி அளப்பது?

கையில் ஒரே அளவுள்ள இரண்டு கற்களை வைத்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஆந்திரத்தின் மங்கம்பேட்டையில் கிடைக்கும் பேரைட் என்ற கனிமத்தை முதன்முதலில் தூக்குபவர் முகம் மாறும்: வெளிறிய கல், ஆனால் கை இறங்குகிறது.

துல்லியமாக அளக்கத் தராசு போதும். முதலில் கல்லை எடை போடுங்கள். பிறகு நீருள்ள குவளையைத் தராசில் வைத்து அளவைப் பூச்சியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, நீரில் முழுவதும் மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் பிடியுங்கள். இப்போது தராசு காட்டுவது கல் விலக்கிய நீரின் எடை. கல்லின் எடையை இதனால் வகுத்தால் வருவது ஒப்படர்த்தி. கல் 53 கிராம், தராசு காட்டியது 20 கிராம் என்றால் விடை 2.65, அது குவார்ட்ஸின் எண். கால்சைட் 2.71, பேரைட் 4.5, பைரைட் 5, மேக்னடைட் 5.2, கலீனா 7.5, தங்கம் 19.3. வேறு கனிமம் கலந்த துண்டிலோ பொத்தல் உள்ள துண்டிலோ இந்தக் கணக்கு பொய் சொல்லும்.

காந்தம் ஒட்டுகிறது. விண்கல்லாக இருக்குமா?

அநேகமாக இல்லை. நம் பகுதியில் காந்தம் ஒட்டும் கருப்புக் கல் என்றால் முதல் ஐயம் மேக்னடைட்மேல்தான். சேலம் கஞ்சமலையில் மேக்னடைட்டும் குவார்ட்ஸும் கருப்பும் வெளுப்புமாக வரிவரியாக அடுக்கிக் கிடக்கின்றன. ஓட்டில் உரைத்தால் அடர்ந்த கருப்புக் கோடு விழும்.

இரண்டாவது ஐயம் கசடு. கொங்கு நாட்டில் பழங்காலத்திலேயே இரும்பு உருக்கினார்கள்; ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் உலைகளும் கிடைத்தன. உலையிலிருந்து வழிந்து ஆறிய கசடு காடுகளில் இன்றும் கிடக்கிறது: கருப்பாக, கண்ணாடிபோல், குமிழிப் பொத்தல்களோடு. அந்தப் பொத்தலே அடையாளம். விண்கல்லுக்குள் அப்படிப் பொத்தல்கள் அநேகமாக இருக்காது. வெளியே எரிந்த மெல்லிய கருந்தோல் இருக்கும். ஓட்டில் அடர்ந்த தடமும் விடாது. கசடு விண்கல் இல்லை என்று ஏமாற்றம் அடைபவர்களிடம் நான் சொல்வது, ஒரு கொல்லனின் பழைய உலையைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில் சாதாரணக் காந்தத்தை ஓட்டினால் மேக்னடைட் மணிகள் மட்டும் மேலே வரும். இல்மனைட்டும் கார்னெட்டும் வலுவான காந்தத்துக்குத்தான் அசையும். அந்த மணலில் கதிரியக்கத் தோரியம் உள்ள மோனசைட்டும் உண்டு. அதை அள்ளி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

சிவப்புக் கல் கிடைத்திருக்கிறது. மாணிக்கமா?

பெரும்பாலும் கார்னெட். ஆனால் கேள்வி வீணல்ல, ஏனென்றால் கரூர், நாமக்கல் பகுதியில் குருந்தம் உண்மையாகவே உண்டு. ஆங்கிலத்திலும் மற்ற ஐரோப்பிய மொழிகளிலும் அந்தக் கனிமத்துக்கு வழங்கும் கொரண்டம் என்ற பெயர் நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனதுதான். சாணை பிடிப்பவர்கள் அறிந்த கல் அது.

பிரிக்கும் வழி: கார்னெட் பாறைக்குள் பந்துபோல் உருண்டு, பன்னிரண்டு முகங்களோடு வளரும். பிளவு இல்லை. கடினம் ஆறரை முதல் ஏழரை. குவார்ட்ஸோடு மல்லுக்கு நிற்கும், சில சமயம் தோற்கும். குருந்தம் நடுவில் பருத்த பீப்பாய்போல் ஆறு பட்டையாக வளரும். குறுக்கே பிரிந்த தட்டை முகத்தில் முக்கோணக் கோடுகள் தெரியலாம். அது குவார்ட்ஸை வெண்ணெய்போல் உழும். ஒப்படர்த்தி குருந்தத்துக்கு 4.0, இரும்பு மிகுந்த கார்னெட்டுக்கு 4.1க்கு மேல் போகும் என்பதால் எடையை மட்டும் நம்பிப் பிரிக்க முடியாது.

இன்னொன்று: குருந்தம் எல்லாம் மாணிக்கம் ஆகாது. ஒளி ஊடுருவும் தெளிவும் நல்ல சிவப்பும் இருந்தால்தான் அந்தப் பெயர். வயலில் கிடைக்கும் சாம்பல் கலந்த சிவப்புக் குருந்தம் சாணைக்கு உதவும், மோதிரத்துக்கு உதவாது. பட்டை தீட்டிய கல்லை எந்தக் காரணத்துக்காகவும் கீறிப் பார்க்காதீர்கள்.

காங்கேயத்துக் கல் என்கிறார்கள். நீலமும் பச்சையுமாக இருப்பதை எப்படி அறிவது?

காங்கேயத்தை அடுத்த படியூரில் பெரில் என்ற கனிமத்தின் வெளிர் நீல வகை கிடைத்தது. இன்று அக்வாமரின் என்கிறோம். கொடுமணலில் பெரில், படிகம் என்னும் நிறமற்ற குவார்ட்ஸ், நீலக்கல் போன்றவற்றிலிருந்து மணிகள் செய்த தொழிற்கூடங்களின் தடயம் கிடைத்திருக்கிறது. முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி, பெரில் இந்தியாவில் விளைவது, வேறெங்கும் அரிது என்று எழுதினார். படிகத்துக்குச் சாயம் ஏற்றிப் பெரில் என்று விற்கும் வித்தையும் இந்தியர்களுக்குத் தெரியும் என்று அதே கையோடு எழுதியிருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நிறத்தை நம்பியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

பெரில் நீண்ட ஆறு பட்டைத் தூணாக, தட்டையான தலையோடு வளரும். குவார்ட்ஸ் தூணின் தலை கூம்பாக முடியும், பக்கங்களில் குறுக்குக் கோடுகள் ஓடும். பெரிலின் கடினம் ஏழரை முதல் எட்டு, குவார்ட்ஸைக் கீறும். கண்ணாடிப் போலியை அரம் தேய்த்துவிடும். லென்ஸில் உருண்டையான காற்றுக் குமிழிகளும் தெரியும். அதே காங்கேயத்துச் சந்திரகாந்தக்கல் ஃபெல்ட்ஸ்பார் குடும்பம்: மெல்லிய ஏடுகளில் ஒளி சிதறி, கல்லைத் திருப்பும்போது நிலவொளிபோல் ஒரு வெண்மை நகரும்.

பாறையில் தங்கம் மின்னுகிறது?

ஊசியால் குத்துங்கள். தங்கம் குழியும்; பைரைட் நொறுங்கித் தூளாகும்; காக்காய்ப்பொன் ஏடாகப் பெயரும். உரைத்தடம் பார்த்தால் தங்கம் மஞ்சளாகவே இருக்கும், பைரைட் பச்சை கலந்த கருப்பு. ஆற்று மணலில் தகதகவென்று மிதந்து ஓடுவது எப்போதும் மைக்காதான். தங்கம் மிதக்காது.

அரிசியை இழுக்கும் கல், இரிடியம் என்று லட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள். உண்மையா?

மோசடி. அரிசியை இழுக்கும் கனிமம் எதுவும் கிடையாது. காந்தம் இரும்பை இழுக்கும், அரிசியை அல்ல. பணத்தைக் கொடுக்காதீர்கள், காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.

நாக்கால் சுவைத்துப் பார்க்கலாமா? வேறு ஆபத்து உண்டா?

வேண்டாம். உப்பை அறிய மட்டும் அந்தச் சோதனை பயன்பட்டது; அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. கலீனாவில் ஈயம், சின்னபாரில் பாதரசம், ஆர்செனோபைரைட்டில் ஆர்செனிக் இருக்கிறது. கல்லைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. நார் நாராகப் பிரியும் கல் கல்நாராக இருக்கலாம், உடைக்காமல் வைத்துவிடுங்கள். சுத்தியலால் உடைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, கல்லைத் துணியில் சுற்றி, ஈரப்படுத்தி உடையுங்கள். சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கிவிடும். கல்லுடைக்கும் தொழிலாளர்கள் அதற்குக் கொடுக்கும் விலையை நேரில் பார்த்திருக்கிறேன்.

கைபேசியில் படம் எடுத்தால் செயலி பெயர் சொல்கிறதே?

படத்தில் இருப்பது நிறமும் உருவமும்தான். கீறலும் எடையும் உரைத்தடமும் படத்தில் வராது. செயலி சொன்ன பெயரை ஒரு யோசனையாக வைத்துக்கொண்டு, மேலே சொன்ன சோதனைகளை அதன்மேல் நடத்துங்கள்.

இந்தச் சோதனைகளால் எவ்வளவு தூரம் போகலாம்?

குடும்பம் வரைக்கும் நிச்சயமாகப் போகலாம். கார்னெட் என்று சொல்லிவிடலாம். கார்னெட்டில் எந்த வகை என்பதற்கு வேதிப் பகுப்பாய்வு வேண்டும். களிமண் கனிமங்களின் மணிகள் கண்ணுக்கே தெரியாதவை. அவற்றுக்கு எக்ஸ் கதிர்ச் சோதனைதான் வழி. விலையுள்ள கல் என்று ஐயம் இருந்தால் ரத்தினச் சோதனைக்கூடத்தில் ஒளிவிலகல் எண் பாருங்கள். கண்ணைப் பழக்க எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நிலவியல் பிரிவில் அரை நாள் செலவழிக்கலாம்.

கிடைத்த கல்லை எப்படி வைத்துக்கொள்வது?

முதலில், எடுக்கக் கூடாத இடங்கள் உண்டு. திருவக்கரைக் கல்மரப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட இடத்தில் ஒரு துண்டையும் எடுக்காதீர்கள். பிறர் நிலத்தில் கேட்டுவிட்டு எடுங்கள்.

எடுத்த உடனே, பையில் போடுவதற்கு முன், ஒரு சீட்டில் எழுதுங்கள்: ஊர், எந்த ஓடை, எந்தக் கரடு, பாறையில் ஒட்டியிருந்ததா, தனியாகக் கிடந்ததா, தேதி. பெயர் தெரியாவிட்டால் பெயருக்கு இடம் விட்டுவிடுங்கள். அதைப் பத்து ஆண்டு கழித்தும் எழுதலாம். எங்கே எடுத்தோம் என்பதை வீட்டுக்கு வந்தபின் நினைவுபடுத்தி எழுத முடியாது. என்னிடம் ஓர் அழகான பெரில் துண்டு இருக்கிறது, மாணவப் பருவத்தில் எடுத்தது. சீட்டு இல்லை. அது என்ன என்று ஐந்து நிமிடத்தில் நிரூபிப்பேன்; எந்த ஊர் மண்ணிலிருந்து வந்தது என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.